தண்ணீரை எந்தக் கணக்கில் எழுதுவது?

திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969 முதல் ஆணுறை தயாரித்துவரும் பொதுத்துறை ஆலை ஒன்று இருக்கிறது. இந்துஸ்தான் லேட்டெக்ஸ் என்று தொடங்கி, இன்று எச்.எல்.எல். லைஃப்கேர் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் ஆலை அது. அங்கே கண்ணாடி அச்சுகள் ரப்பர் பாலில் முங்கி எழுகின்றன. அச்சின் மேல் படிந்த மெல்லிய படலம் காய்ந்து, சூட்டில் பதப்பட்டு, தண்ணீரில் அலசப்படுகிறது. ரப்பரில் மிஞ்சிய புரதங்களையும் வேதிப்பொருள் எச்சங்களையும் வெளியேற்றுவது இந்த அலசல்தான். இதே நிறுவனம் நகரின் இன்னொரு பகுதியான ஆக்குளத்தில் இரத்தப் பைகளும் செய்கிறது. இரத்தம் உறையாமல் காக்கும் கரைசல் ஒவ்வொரு பையிலும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். 350 மில்லிலிட்டர் இரத்தம் பிடிக்கும் பையில் அதன் அளவு 49 மில்லிலிட்டர். சிட்ரேட்டும் பாஸ்பேட்டும் டெக்ஸ்ட்ரோஸும் அடினினும் கரைந்திருக்கும் அந்தத் திரவத்தில் பெரும்பங்கு தண்ணீர். ஊசிமருந்துக்கு உரிய தூய்மையோடு, காய்ச்சல் உண்டாக்கும் நுண்ணுயிர் எச்சம் இல்லாத தண்ணீர் அது. முதல் ஆலையில் தண்ணீர் பொருளைத் தொட்டுவிட்டு ஓடிப்போகிறது. இரண்டாவதில் நோயாளியின் இரத்தநாளத்துக்குள் போகிறது. உற்பத்திக் கணக்கை நடத்தும் மென்பொருளில் இரண்டையும் ‘தண்ணீர்’ என்ற ஒரே பெயரில் பதிந்து, ஒரே குறியைப் போட்டு வைக்க முடியுமா என்பதே இங்கே கேள்வி.

சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், ஒரு தொழிற்சாலை தன்னைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறது, எதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிடலாம் என்று நினைக்கிறது என்பதெல்லாம் இதில்தான் முடிவாகிறது. உற்பத்தி மென்பொருள்களின் அடிப்படை ஏற்பாடு எளியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணும் ஒரு பதிவும் உண்டு. முடிந்த சரக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகப் பட்டியல் உண்டு. ஒன்று செய்ய என்னென்ன, எவ்வளவு வேண்டும் என்பதை அது சொல்லும். நூறு செய்யும்படி உத்தரவு போட்டால் மென்பொருள் பட்டியலை நூறால் பெருக்குகிறது. ஸ்டாக்கில் இருப்பதைக் கழித்து, குறைவதை வாங்கச் சொல்கிறது. வேலை முடிந்ததும் பயன்பட்ட அளவை இருப்பிலிருந்து கழித்து, அந்தச் செலவை முடிந்த சரக்கின் தலையில் ஏற்றுகிறது. இந்த இயந்திரத்துக்கு இரண்டு தீனி வேண்டும். ஒன்று அளவு, மற்றது விலை. அலசல் தண்ணீர், மசகெண்ணெய், துடைக்கும் துணி, பசை, டேப், வாடிக்கையாளர் இலவசமாகக் கொடுத்தனுப்பிய லேபிள் போன்றவற்றுக்கு இந்த இரண்டில் ஒன்றோ இரண்டுமோ கிடைப்பதில்லை. அப்போது பட்டியல் போடுகிறவர் முன்னால் இரண்டு எளிய வழிகள் தெரிகின்றன. பட்டியலில் சேர்க்காமலே விடலாம். இல்லையென்றால் விலை பூஜ்யம், இருப்பு பார்க்க வேண்டாம் என்று இரண்டு குறிகளையும் ஒரே மூச்சில் போட்டு மறந்துவிடலாம். இரண்டும் பெரும்பாலான நேரங்களில் தவறு. விலை உண்டா என்பது ஒரு கேள்வி, கண்காணிக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. ஒன்றின் விடையிலிருந்து மற்றதன் விடையை எடுக்க முடியாது.

முதலில், எதையும் எண்ணாமல் விடுவது சோம்பேறித்தனம் என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். எண்ணுவதற்குச் செலவு உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு கருவிக்குப் பன்னிரண்டு ஸ்க்ரூ, ஒன்று நாற்பது பைசா. மாதம் ஆயிரம் கருவி செய்தால் ஸ்க்ரூ செலவு ஐயாயிரம் ரூபாய்கூட ஆகாது. அவற்றை எண்ணி இஷ்யூ செய்து, கீழே விழுந்ததையும் மரை போனதையும் தனியே பதிந்து, மாதக் கடைசியில் இருப்பைச் சரிபார்க்க ஓர் ஆளின் நேரம் போனால், எண்ணுகிற செலவு எண்ணப்படும் பொருளின் விலையைத் தாண்டிவிடும். 1951-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த எச். ஃபோர்டு டிக்கி ஏ, பி, சி என்று சரக்குகளைப் பிரிக்கும் முறையை எழுதியபோது சொன்னதும் இதைத்தான். ஆண்டுச் செலவில் பெரும்பங்கு சில பொருள்களிலேயே குவிந்திருக்கிறது. கவனத்தை அங்கே வையுங்கள், காசு பெறாத நூற்றுக்கணக்கான உருப்படிகளின் பின்னால் ஓடாதீர்கள் என்றார். காசு பெறாதவை அடங்கிய சி வகுப்புக்கு இன்றும் பல ஆலைகளில் இரட்டைப் பெட்டி முறைதான் நடக்கிறது. முன்பெட்டி காலியானதும் பின்பெட்டியை இழுத்துக்கொள்கிறார்கள். காலிப் பெட்டியே புதிய ஆர்டருக்கான சீட்டு. எந்தக் கணினியும் எத்தனை ஸ்க்ரூ என்று அறியாது, ஆனால் ஸ்க்ரூ தீர்ந்து வேலை நிற்பதும் அரிது.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. எண்ண முடியாததை எண்ணியதாகக் காட்டும் கணக்கு, கணக்கே இல்லாததைவிட மோசம். நிக்கோல் டிஹொரேஷியஸும் அனந்த் ராமனும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குச் சாட்சி. ஒரே நிறுவனத்தின் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 இருப்புப் பதிவுகளை உண்மையான சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 65 விழுக்காடு பதிவுகள் பொருந்தவில்லை. அவை கடைகள், ஒவ்வொரு விற்பனையும் பில்லில் பதிவாகும் இடங்கள். ரப்பர் பால் சொட்டும், எண்ணெய் கசியும், துணி துண்டுதுண்டாகக் கிழியும் உற்பத்தித் தளத்தில் பட்டியலின் பெருக்கல் சொல்லும் அளவும் உண்மையில் செலவான அளவும் பிரிந்துபோக அதிக நாள் ஆகாது. ஒரு பொருளின் இருப்பு திரையில் மைனஸில் நிற்பதைப் பார்த்துப் பழகிய ஸ்டோர்காரர், பிறகு திரையில் வரும் எந்த எண்ணையும் நம்பமாட்டார். அவநம்பிக்கை தண்ணீரோடும் துணியோடும் நிற்காது, விலையுயர்ந்த பாகங்களின் எண்ணிக்கை மீதும் பரவும். எனவே சில பொருள்களைக் கண்காணிப்பிலிருந்து விலக்குவது மற்றவற்றின் கணக்கைக் காப்பாற்றும் செயல். இதைத் தயக்கமில்லாமல் செய்ய வேண்டும்.

ஆனால் எவற்றை விலக்குவது? இங்கேதான் விலை நம்மை ஏமாற்றுகிறது. கேரளத்தின் சொந்த விளைபொருளான ரப்பர் பாலையே எடுத்துக்கொள்ளலாம். மரத்தில் வடியும் பாலை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றிச் செறிவாக்கி, கெடாமலிருக்க அம்மோனியா சேர்த்து டிரம்மில் அடைக்கிறார்கள். செறிவாக்கிய பிறகும் அதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். வியாபாரத்தில் விலை உலர்ந்த ரப்பரின் அளவுக்குத்தான். அந்தத் தண்ணீருக்கு யாரும் காசு தருவதில்லை. அதற்காக அதை அளக்காமல் விட்டால் என்ன ஆகும்? தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல் ரப்பர் எவ்வளவு என்று தெரியாது. ரப்பர் தெரியாமல் விலை போட முடியாது, கலவையில் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் எவ்வளவு சேர்ப்பது என்றும் தெரியாது. ஆக, டிரம்முக்குள் இருக்கும் தண்ணீர் விலையில்லாதது, ஆனால் கறாராக அளக்கப்படுவது. அதே ஆலையின் அலசல் தொட்டியில் உள்ள தண்ணீருக்குக் குடிநீர் வாரியமோ கிணற்று மோட்டாரின் மின்கட்டணமோ பணம் கேட்கும். ஆனால் எந்த ஆணுறைப் பெட்டிக்கு எத்தனை லிட்டர் என்று யாரும் பிரித்து எழுத வேண்டியதில்லை. விலையில்லாதது அளக்கப்படுகிறது, விலையுள்ளது அளக்கப்படாமல் போகிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே தண்ணீர்.

பெரிய மென்பொருள்களை வடிவமைத்தவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஜெர்மனியில் 1972-இல் பிறந்த எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருளில் பொருள்களின் வகைகளைப் பாருங்கள். அளவு மட்டும் வைத்திருந்து மதிப்பு வைக்காத ஒரு வகை. அளவும் இல்லாமல் மதிப்பும் இல்லாமல் பெயரை மட்டும் வைத்திருக்கும் ஒரு வகை. குழாயில் எப்போதும் வந்துகொண்டிருப்பதால் இருப்பு என்ற பேச்சே இல்லாத, ஆனால் பயன்பட்ட அளவுக்குப் பணம் கட்ட வேண்டிய தண்ணீர், எரிவாயு போன்றவற்றுக்கென்றே தனியாக ஒரு வகை. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மென்பொருளும் இதே பிரிவை வேறு விதமாகச் செய்கிறது. இருப்பு பராமரிக்கவா என்பதற்கு ஒரு டிக், வாடிக்கையாளர் தரும் பொருளா என்பதற்கு வேறொரு டிக், பூஜ்ய மதிப்பில் வரவு வைக்கலாமா என்பதற்கு மூன்றாவது டிக். கருவி கேள்விகளைத் தனித்தனியாகவே கேட்கிறது. ஒன்றாக்கிவிடுவது அதை நிரப்புகிற நாம்தான்.

விலையில்லாததெல்லாம் கண்காணிக்க வேண்டாதது என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைக் காட்டத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் குறைவு. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்த ஊர் இது. ஏவுகலங்களை வடிவமைக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அதே கடற்கரையில்தான் இருக்கிறது. விண்வெளித் துறை தன் பாகங்களில் பலவற்றை வெளி ஆலைகளில் செய்துவாங்குகிறது. அப்போது மூலப்பொருளை, குறிப்பாகச் சந்தையில் எளிதில் கிடைக்காத உலோகக் கலவைகளை, துறையே கொடுத்துவிடுவது வழக்கம். இதற்கு ‘ஃப்ரீ இஷ்யூ மெட்டீரியல்’ என்று பெயர். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்ட மோட்டார் உறை மாரேஜிங் எஃகு என்ற சிறப்புக் கலவையால் ஆனது, 2.8 மீட்டர் விட்டம். இத்தகைய உலோகத் தகடு ஒன்று ஒப்பந்த ஆலைக்குள் இலவசமாக வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலையின் வரவுசெலவில் அதன் விலை பூஜ்யம். ஆலை அதை வாங்கவில்லை, அதற்குச் சொந்தக்காரரும் அல்ல. ஆனால் ஒப்பந்தம் அதற்கு வங்கி உத்தரவாதமும் காப்பீடும் கேட்கும். எந்த வார்ப்பிலிருந்து வந்த தகடு, எந்தத் துண்டு எந்த உறையில் போனது, வெட்டியபின் மிஞ்சியது எங்கே என்று கணக்குக் கேட்கும். அந்த ஆலையின் ஸ்டோரில் இதைவிடக் கண்டிப்பாகக் கண்காணிக்க வேண்டிய பொருள் இருக்காது. அதன் விலைக் கட்டத்தில் எழுத வேண்டியதோ பூஜ்யம்.

இந்த நிலை ராக்கெட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஜாப் ஒர்க் எடுக்கும் எந்தச் சிறு பட்டறைக்கும் இதே கதை. சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 143-ஆம் பிரிவு, வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பிவர வேண்டும் என்கிறது. இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி விழும். மூலதனப் பொருள்களுக்கு மூன்றாண்டு. ஆனால் அச்சு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர், கருவிகள் ஆகியவற்றுக்கு இந்தக் கால வரம்பு கிடையாது. சட்டமே விலையை வைத்து வரிசைப்படுத்தாமல், பொருளின் வேலையை வைத்து எதன் நாள்களை எண்ணுவது என்று முடிவு செய்திருப்பது கவனிக்கத்தக்கது. பட்டறைக்காரருக்கு விலையில்லாத அந்த மூலப்பொருளைக் கண்காணிக்காமல் விட்டால், வரிச்சுமை அனுப்பியவர் மேல் விழும். பிறகு வேலை கொடுப்பவர் யார்?

இங்கே பலரும் விழும் ஒரு குழி இருக்கிறது. பட்டறை அதே வகைப் பாகத்தைத் தன் சொந்தத் தேவைக்கும் வாங்குகிறது என்போம். நூறு பாகம், ஒன்று ஐம்பது ரூபாய். வாடிக்கையாளர் அதே பாகம் நூறு இலவசமாகத் தருகிறார். இரண்டையும் ஒரே எண்ணில் வரவு வைத்தால், சராசரி விலை போடும் மென்பொருள் இருநூறு பாகத்தையும் இருபத்தைந்து ரூபாய் என்று கணக்கிடும். சொந்தச் சரக்கின் அடக்க விலை பாதியாகத் தெரியும், அதை நம்பி விலை பேசினால் நஷ்டம். வாடிக்கையாளர் வேலையிலோ செலவழிக்காத பணம் செலவாகத் தெரியும். பூஜ்யம் என்ற எண் மற்ற எண்களோடு கலந்தால் அவற்றைக் கெடுத்துவிடும். ஆகவே ஒரே வடிவப் பாகம் ஆனாலும், யாருடையது என்பது மாறினால் பாக எண்ணும் மாற வேண்டும். விலையில்லாப் பொருளைப் பதிவதில் முதல் விதியாக இதைத்தான் சொல்வேன்.

இப்போது மறுபக்கம். விலை மிகக் குறைவு, ஆனால் தவறினால் கேடு பெரிது என்ற வகை. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில், ஏறக்குறைய 17,300 அடி உயரத்தில் விமானிக்கு முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டு, மற்றவர்கள் காலைப் பிடித்துக்கொள்ளத் தொங்கினார்; துணை விமானி விமானத்தை இறக்கினார்; எல்லோரும் பிழைத்தார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அந்தக் கண்ணாடி மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட அங்குலத்தில் 0.026 அளவு மெலிந்தவை. மீதி ஆறு நீளம் குறைந்தவை. பாக எண்ணைச் சரிபார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு, யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத திறந்த தட்டிலிருந்து எடுக்கப்பட்ட போல்ட்டுகள் அவை. விசாரணை அறிக்கையைப் படிக்கும்போது மனதை உறுத்துவது இன்னொன்று. கழற்றிய பழைய போல்ட்டுகளும் சரியானவை அல்ல, அவையும் குட்டைதான். எண்ணிக்கை இங்கே ஒரு பொருட்டே இல்லை; 90 துளைக்கு 90 போல்ட் சரியாகவே இருந்தன. தேவைப்பட்டது எண்ணிக்கை அல்ல, அடையாளம். அதே ஆண்டில் அமெரிக்கா போல்ட், நட்டுகளின் தரத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. தலையில் பொய்யான தரக்குறி பொறித்த மலிவு போல்ட்டுகள் அங்கே பரவியிருந்ததே காரணம்.

திருவனந்தபுரத்துக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. 2021 ஆகஸ்ட் 12-இல் ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 ஏவுகலம் புவி நோக்கும் செயற்கைக்கோளோடு தோற்றது. கிரையோஜெனிக் கட்டத்தின் திரவ ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்ததே காரணம் என்றும், அதற்கு ஒரு வால்வின் கசிவும், அந்த வால்வில் இருந்த மென்மையான அடைப்பு (சீல்) சேதமானதும் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்றும் ஆய்வுக் குழு கண்டது. இந்தக் கட்டங்களை உருவாக்கும் திரவ உந்துவிசை அமைப்புகள் மையம் இருப்பது நகருக்கு வெளியே வலியமலையில். அங்கே கண்காணிப்பு குறைந்ததால் இது நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஓர் ஏவுகலத்தின் விலைப் பட்டியலை மேலிருந்து கீழாக அடுக்கினால் அந்த அடைப்பு எங்கோ அடியில் கிடக்கும். விளைவை வைத்து அடுக்கினால் உச்சியில் நிற்கும். இரண்டு அடுக்கும் உண்மை, இரண்டும் வேண்டும். மருத்துவமனை ஸ்டோர்களை நடத்தும் இந்திய நிர்வாகிகள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். ஏ-பி-சி வகைப்பாட்டோடு, உயிர்காப்பது, அவசியமானது, விரும்பத்தக்கது என்ற வி-ஈ-டி வகைப்பாட்டைக் குறுக்கே வைத்து ஒன்பது கட்டங்கள் போட்டுப் பார்க்கிறார்கள். விலை குறைந்த உயிர்காக்கும் மருந்து அந்த அட்டவணையில் ஒளிந்துகொள்ள முடியாது. உற்பத்தி ஆலைகளின் பாகப் பட்டியல்களில் இந்தக் குறுக்குக் கோடு இன்னும் பரவலாக வரவில்லை என்பதே என் ஆதங்கம்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. எண்ணிக்கை என்ற கருத்தே அதற்குப் பொருந்தாது. கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் 1973-இல் தொடங்கிய காலத்திலிருந்து மின்னணுத் தொழில் இந்த ஊரில் வேரூன்றியிருக்கிறது. இன்றைய மின்னணுக் கருவி எதையும் திறந்தால் உள்ளே ஒரு சிப், அதற்குள் எழுதிய ஒரு நிரல். ஒரு பிரதி எடுக்கச் செலவில்லை, ஒருபோதும் தீராது, அலமாரியில் இடம் பிடிக்காது. பாகப் பட்டியலில் இதைச் சேர்ப்பானேன் என்று தோன்றும். ஆனால் பழுது என்று திரும்பிவந்த கருவியில் எந்தப் பதிப்பு ஓடியது என்று தெரியாவிட்டால் பழுதின் காரணத்தைத் தேட வழியே இல்லை. கருவியோடு போகும் பயன்பாட்டுக் குறிப்பேடும் எச்சரிக்கை லேபிளும் இப்படித்தான். அவற்றுக்கு எத்தனை என்ற கணக்கு வேண்டாம், எந்தப் பதிப்பு என்ற கணக்கு வேண்டும். அளவு, மதிப்பு என்ற இரு கட்டங்களோடு அடையாளம் என்ற மூன்றாவது கட்டத்தையும் தனியே கேட்டாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு: கணினியும் பார்கோடும் மலிந்துவிட்ட காலத்தில் எல்லாவற்றையும் கண்காணித்துவிட்டால் இந்தப் பிரிவினை எதற்கு? மருத்துவச் சாதனத் துறையிலிருந்து இந்தக் குரல் பலமாக வரும். நியாயமும் உண்டு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பர் 6-இல் முதல்முறை மனித இதயத்தில் பொருத்தப்பட்ட சித்திரா வால்வைப் பாருங்கள். கோபால்ட் கலவையில் கடைந்த ஒரு சட்டகம், மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீனில் ஒரு வட்டத் தகடு, தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம். முக்கியமாக மூன்றே பாகம். இவற்றில் எதையும் லாட் எண் இல்லாமல் விட யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் அந்தச் சட்டகத்தைக் கடையும்போது கையில் போட்ட உறையையும், மேசையைத் துடைத்த துணியையும் அதே கண்டிப்போடு பதியச் சொன்னால் ஆபரேட்டரின் கவனம் எங்கே போகும்? கண்டிப்பு என்பது எல்லையில்லாமல் ஊற்றெடுக்கும் வளம் அல்ல. ஐ.எஸ்.ஓ. 13485 தர அமைப்பும், நம் நாட்டின் 2017 மருத்துவச் சாதன விதிகளும் பின்தொடரும் திறனைக் கேட்கின்றன; ஆலையில் உள்ள ஒவ்வொன்றையும் எண்ணச் சொல்லவில்லை. நோயாளியின் உடலோடு தொடர்புள்ளவை எவை, தயாரிப்பின் தரத்தைத் தொடுபவை எவை என்று வரையறுத்து, அங்கே தவறாமல் நிற்கச் சொல்கின்றன. சட்டகத்தைக் கடைசியாகக் கழுவும் தண்ணீர் அந்த எல்லைக்குள் வரும். தரையைக் கழுவும் தண்ணீர் வராது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எண்ணப்போவதும் இல்லை, விலை போடப்போவதும் இல்லை. அப்படியானால் பட்டியலில் அந்த வரி எதற்கு, நீக்கிவிடலாமே? கல்யாணச் சமையலுக்குச் சாமான் பட்டியல் போடுகிறவர் தண்ணீரை எழுதுவதில்லைதானே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பட்டியல் கடைக்குப் போகிற சீட்டு. பாகப் பட்டியல் அதோடு நிற்பதில்லை. புதிதாக வந்த ஆள் வேலை கற்பது அதைப் பார்த்து; பாகம் மாற்றும்போது எங்கெல்லாம் பாதிக்கும் என்று பொறியாளர் தேடுவது அதில்; தடை செய்யப்பட்ட ஒரு வேதிப்பொருள் எந்தெந்தச் சரக்கில் இருக்கிறது என்று கேள்வி வந்தால் பதில் எடுப்பதும் அதிலிருந்து. பசையையும் மசகையும் வரியிலிருந்தே நீக்கியவருக்கு அந்தப் பதில் கிடைக்காது. தட்டுப்பாடு வரும்போதும் இதுதான் நிலை. 2024 செப்டம்பரில் நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் பணிக்காகக் குடிநீர்க் குழாய்களை இடம் மாற்றப்போய், திருவனந்தபுரம் நகரின் பெரும்பகுதி நாள்கணக்கில் தண்ணீரில்லாமல் தவித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. அந்த வாரம் ஓர் ஆலை நிர்வாகி தன்னிடம் உள்ள தொட்டித் தண்ணீரைக் கொண்டு எந்த வரிசையை ஓட்டலாம், எதை நிறுத்தலாம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால், எந்தச் சரக்குக்குத் தண்ணீர் வேண்டும் என்ற தகவல் எங்காவது எழுதியிருக்க வேண்டும். சராசரி அளவோடு ஒரு வரி, இருப்பு பார்க்காத குறியோடு, பட்டியலில் இருந்தால் போதும். அந்த வரியால் யாருக்கும் தினசரி வேலை கூடுவதில்லை.

கணக்காளர்கள் எழுப்பும் மறுப்பு மூன்றாவது. செலவே இல்லை என்று எழுதுவது பொய்யல்லவா? மசகெண்ணெய்க்குப் பணம் போயிருக்கிறதே. போயிருக்கிறது, அது உற்பத்தி மேற்செலவு என்ற தலைப்பில் மொத்தமாக ஏறி, பிறகு எல்லாச் சரக்கிலும் பங்கிடப்படுகிறது. சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலையும் மேற்செலவை முறையாகப் பங்கிட்டு ஏற்றுவதை ஒப்புக்கொள்கிறது. பாக வரியில் உள்ள பூஜ்யம், இந்தச் செலவு வேறு வாசல் வழியே வருகிறது என்று மட்டும் சொல்கிறது. வரியிலும் விலை போட்டு மேற்செலவிலும் ஏற்றினால் ஒரே எண்ணெய்க்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாகிவிடும். இதோடு சேர்த்து, எண்ணாததெல்லாம் திருட்டுப்போகும் என்ற பயத்தையும் சொல்வார்கள். பயம் வீண் அல்ல. ஆனால் அதற்கு மருந்து ஒவ்வொரு துணியையும் இஷ்யூ செய்வது அல்ல. மாதந்தோறும் வாங்கியதன் மொத்தத்தை உற்பத்தியால் வகுத்துப் பார்ப்பது. ஆயிரம் சரக்குக்கு இத்தனை லிட்டர் எண்ணெய் என்ற விகிதம் திடீரென்று ஏறினால் காரணம் தேடலாம். இந்தக் கண்காணிப்புக்கும் அந்தப் பாக வரியில் எழுதிவைத்த சராசரி அளவே அடிப்படையாகிறது.

கேரளத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு இருக்கும் ஆதரவு நாடறிந்தது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கியதே இந்த நகரில்தான். பாப்பனங்கோடு தொழிற்பேட்டையில் உள்ளதைப் போன்ற சிறு ஆலைகளுக்கு இன்று செலவில்லாமல் கிடைக்கும் மென்பொருளே போதுமானது. சிக்கல் விலையில் இல்லை, முதல் வாரத்தில் ஐட்டம் பட்டியலை நிரப்பும் அவசரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் பழைய எக்ஸெல் தாளைக் கொடுத்து ஏற்றச் சொல்கிறார்கள். விலைக் கட்டம் காலியாக உள்ள வரிகளையெல்லாம் அவர் இருப்பு பார்க்க வேண்டாதவை என்று குறித்துவிடுகிறார். ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் ஒரு பொருளின் பேரில் வரவோ செலவோ ஒருமுறை பதிவாகிவிட்டால், அதன் இருப்புக் குறியையும் பேட்ச் குறியையும் அதன்பிறகு மாற்ற மென்பொருள் அனுமதிப்பதில்லை. புதிய எண் தொடங்கி, பட்டியல்களையெல்லாம் திருத்த வேண்டும். ஆகவே இந்த முடிவை எடுக்க வேண்டியவர் தரவை ஏற்றுபவர் அல்ல. தரப் பொறுப்பாளரும், ஸ்டோர் பொறுப்பாளரும், கணக்காளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, விலை காலியாக உள்ள ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துப் பார்ப்பது அரை நாள் வேலை. இது யாருடையது? தீர்ந்தால் எது நிற்கும்? வேறொன்று மாறி வந்தால் யாருக்குத் தெரியும்? எந்தப் பேட்ச் என்று பிறகு யாராவது கேட்பார்களா? ஒரு பொருளைக் கண்காணிப்பிலிருந்து விலக்குவதாக முடிவானால், ஏன் விலக்கினோம் என்ற காரணத்தையும் எழுதியவர் பெயரையும் தேதியையும் அந்தப் பொருளின் குறிப்புக் கட்டத்தில் பதிந்துவிட வேண்டும். அலசல் தொட்டித் தண்ணீர் ஒருநாள் கலவைத் தொட்டிக்குப் போக நேரும்போது, பழைய காரணம் இனிப் பொருந்தாது என்பதை அதைப் படிக்கிறவர் அப்போதே காண முடியும்.